சீன முறை மீன் வறுவல்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

வெள்ளைச் சதை மீனைக் கொஞ்சமாக எண்ணெய் விட்டு இருபுறமும் பொன்னிறமாக வறுத்து, இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ் சேர்த்துச் சூடாகப் பரிமாறுவது தென்சீனாவின் குவாங்டாங், ஹாங்காங் பக்கத்து வீடுகளில் சாதாரணச் சமையல். மசாலா கிடையாது. அதனால் சின்னப் பிசகுகூட வெளியே தெரிந்துவிடும். நம் வறுவலில் தோல் கொஞ்சம் பிய்ந்தாலும் மசாலா மூடிக்கொள்ளும். இதில் அந்த வசதி இல்லை.

இதைச் செய்துபார்ப்பவர்கள் என்னிடம் வந்து சொல்லும் குறைகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனித் தலைப்பாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் சட்டியில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். செலவில்லாத காரணம் முதலில் வரும், சட்டியையே மாற்றவேண்டிய காரணம் கடைசியில் வரும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். பெரும்பாலான கோளாறுகள் மீன்மேல் இருக்கும் ஈரத்தில்தான் தொடங்குகின்றன. புதுச் சட்டி வாங்கக் கிளம்பும் முன் மீனை நன்றாகத் துடைத்து ஒருமுறை வறுத்துப் பாருங்கள்.

## சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? 400 கிராம் எடையுள்ள முழு வாவலுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு தடவி 15 நிமிடம் வையுங்கள். கசிந்த நீரைத் துடைத்துவிட்டு, 3 மேசைக்கரண்டி எண்ணெயில், மிதமான தீயில் ஒருபக்கம் 5 நிமிடம், மறுபக்கம் 4 நிமிடம். ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும். கடைசிவரை சலசலவென்று சீரான சத்தம் கேட்க வேண்டும். நடுமுள்ளை ஒட்டிய சதை கண்ணாடித்தன்மை போய், வெள்ளையாகி, முள்ளைவிட்டுப் பிரிய வேண்டும்.

வெள்ளை வாவல், கொடுவா, சங்கரா, நாக்கு மீன், சாவாளை எல்லாமே இதற்குப் பொருந்தும். ஹாங்காங் வீடுகளில் அடிக்கடி வறுபடும் இளஞ்சிவப்பு மீன் நம் சங்கராவுக்கு நெருங்கிய சொந்தம். சாவாளையை ஜோஷான் தீவுகளிலும் கிழக்குச் சீனக் கடலோரம் நெடுகிலும் துண்டுபோட்டு இதேபோல வறுக்கிறார்கள். ஆகவே மார்க்கெட்டில் விலைகூடிய வெளிநாட்டு மீனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

## தோல் சட்டியில் ஒட்டிக்கொள்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எப்போது ஒட்டுகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

போட்டவுடனே ஒட்டினால்: ஈரம். மீனைக் கழுவி வடிதட்டில் வைத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். டிஷ்யூவையோ பழைய பருத்தித் துணியையோ மீன்மேல் வைத்து அழுத்தி எடுங்கள். துணி நனைந்தால் இன்னொரு துணி எடுத்து மறுபடியும் அழுத்த வேண்டும். வயிற்றுக்குள், செவுளுக்கு அடியில், கீறல்களுக்கு உள்ளே என எல்லா இடத்திலும். விரலால் தடவும்போது வழுக்காமல் லேசாகச் சொரசொரவென்று இருக்க வேண்டும். நேரம் இருந்தால் மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள், தோல் நன்றாக உலர்ந்துவிடும். துடைத்த பிறகு கார்ன்ஃப்ளாரை மெல்லத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. மாவு தூவிய மீனை உடனே சட்டியில் போட வேண்டும். தள்ளிப்போட்டால் மாவு ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும், அந்தப் பசையே ஒட்ட வைக்கும்.

மீன் காய்ந்திருந்தும் ஒட்டினால்: சட்டி சூடாகவில்லை. இரும்புச் சட்டி என்றால் வெறுஞ்சட்டியைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே பரவி ஆவியானால் போதாது. முத்தாக உருண்டு ஓட வேண்டும். அப்புறம் எண்ணெய் விட்டு, சட்டியைச் சுழற்றி எல்லா இடத்திலும் படவிட்டு, அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் சூடேறாததாக இருக்க வேண்டும் என்பதுதான் சீனச் சமையல்காரர்களின் வழக்கம். நான்ஸ்டிக் சட்டியில் இதைச் செய்யாதீர்கள். 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். அதை எண்ணெயோடுதான் சூடாக்க வேண்டும்.

சூடான சட்டியில் இஞ்சித் துண்டைத் தேய்ப்பதும் அங்கே பரவலான பழக்கம். செய்யுங்கள், வாசனைக்கு நல்லது. ஆனால் ஈர மீனை இஞ்சி காப்பாற்றாது.

பாதி வறுபட்ட பிறகு எடுக்கப் பார்க்கும்போது ஒட்டினால்: அவசரம். அடித்தோல் இறுகியதும் மீன் தானாகவே சட்டியைவிட்டு விடும். சட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். மீன் நகர்ந்தால் திருப்பலாம், நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். கரண்டியால் சுரண்டி அவிழ்ப்பது வேண்டாம்.

ஒரே இடத்தில் மட்டும் ஒட்டினால்: சட்டியின் அடி. குளிர்ந்த சட்டியில் மெல்லிய படலமாகத் தண்ணீர் ஊற்றி அடுப்பின்மேல் வையுங்கள். தண்ணீர் ஒருபக்கமாக ஒதுங்கினால் அடுப்புத் தாங்கி சாய்ந்திருக்கிறது, அல்லது சட்டி வளைந்திருக்கிறது. சட்டியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒதுக்கமும் கூடவே திரும்பினால் கோளாறு சட்டியில்தான். மீனை மேடான இடத்தைத் தவிர்த்து வைத்துச் சமாளிக்கலாம். வளைந்த அலுமினியச் சட்டியைத் தட்டி நிமிர்த்தும் வேலையில் இறங்க வேண்டாம்.

எந்த மீனைப் போட்டாலும் ஒட்டினால்: சட்டி பழகவில்லை. புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதையும் பழக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டு மிக மெல்லிதாகப் பூசி, புகை வந்து அடங்கும்வரை சூடாக்குங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும். எண்ணெய் தடிமனாகப் பூசினால் பிசுபிசுப்பாகிவிடும். நல்ல இரும்புச் சட்டியாக இருந்தால் இதற்கு மேல் செலவு கிடையாது. நான்ஸ்டிக்கில் பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

## திருப்பும்போது உடைந்துபோகிறது

ஒட்டாமலே உடைகிறது என்றால், முதலில் நீங்கள் கையில் எடுக்கும் கரண்டியைப் பாருங்கள். குறுகலான கரண்டியில் முழு மீனின் எடை நடுவில் மட்டும் தாங்கும், வால் தொங்கி ஒடியும். அகலமான தோசைத் திருப்பியை மீனின் நீளவாக்கில் அடியில் செருகி, இன்னொரு கரண்டியை மேலே அணைத்துப் பிடித்துத் திருப்புங்கள். எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டுத் திருப்பினால் கைமேல் தெறிக்காது, தைரியமாகவும் இருக்கும். அப்புறம் எண்ணெயை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

அதுவும் சரி என்றால், எத்தனை முறை திருப்புகிறீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வெந்த சதை இளகிக்கொண்டே போகும்.

அடுத்தது உப்பு. 15 நிமிடம் உப்பில் இருந்த மீனின் சதை இறுகும். வெட்டிய கையோடு சட்டியில் போட்டால் சதை கொழகொழவென்றுதான் இருக்கும். முழு மீனில் கீறல் ஆழமாகப் போய்விட்டாலும் உடையும். மூன்று கீறல், முள்ளைத் தொடாத ஆழத்தில், சாய்வாகப் போட்டால் போதும்.

கடைசியாக, மீனே காரணமாக இருக்கலாம். உறைந்த பாசா துண்டுகளுக்குப் பெரும்பாலும் பனிப்பூச்சு இருக்கும். சிலவற்றில் நீர் தங்குவதற்காகப் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள், பாக்கெட்டில் உள்ள பொருள்பட்டியலில் தெரியும். அப்படிப்பட்ட மீனை என்ன செய்தாலும் முழுசாகத் திருப்புவது கஷ்டம். இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளகவிட்டு, சின்னத் துண்டுகளாக நறுக்கி வறுங்கள். அல்லது வடசீனாவின் ஷான்டாங் பக்கத்தில் செய்வதுபோல மாவில் புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்துப் போடுங்கள். முட்டை சதையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

## எண்ணெய் தெறிக்கிறது

மறுபடியும் ஈரம்தான். குறிப்பாக மீன் கண்ணிலும் வயிற்றிலும் தேங்கிய நீர். கண்ணை ஊசியால் ஒரு குத்துக் குத்தி, வயிற்றைத் திறந்து துடைத்துவிடுங்கள். எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவதும் பழைய வழக்கம், கொஞ்சம் அடங்கும். மீனை வைக்கும்போது உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகப் படுக்க வையுங்கள், தெறித்தாலும் அந்தப் பக்கம் போகும்.

மூடிபோட்டு வறுக்க வேண்டாம். மூடியில் கோர்க்கும் நீர் எண்ணெயிலேயே சொட்டும், தெறிப்பு கூடும், மொறுமொறுப்பும் போய்விடும். வலைத்தட்டு இருந்தால் அதை வைத்து மூடலாம்.

## பொன்னிறம் வரவில்லை, மீன் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகிறது

சத்தத்தைக் கேளுங்கள். சலசலப்பு அடங்கி, கொதிப்பதுபோலக் கொடகொடவென்று கேட்டால் மீன் வறுபடவில்லை, அவிகிறது.

- ஒரே நேரத்தில் நிறையப் போட்டுவிட்டீர்களா? துண்டுகளுக்கு இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். இரண்டு ஈடாகப் போடுங்கள்.
- ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டீர்களா? 15 நிமிடம் வெளியே இருக்கட்டும். வெயில் காலத்தில் அதற்கு மேல் வைக்க வேண்டாம்.
- மெல்லிய அலுமினியச் சட்டியா? மீன் பட்டதும் சூடு இறங்கி, மீண்டும் ஏற நேரம் எடுக்கும். அடி கனத்த சட்டிக்கு மாறுங்கள்.
- கேஸ் தீ மஞ்சளாக, சோம்பலாக எரிகிறதா? பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்து, காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் நீலமாக எரியாவிட்டால் அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரெகுலேட்டரையோ ஜெட்டையோ நீங்களே கழற்றக் கூடாது.

## வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

தீயைக் குறைப்பதுதான் முதல் மருந்து. சட்டியைக் காயவைக்க மட்டும் பெரிய தீ. மீன் உள்ளே போய் அரை நிமிடம் கழிந்ததும் மிதமான தீக்கு இறக்கிவிட வேண்டும்.

அடுத்து மீனின் தடிமனைப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமனான கொடுவாவை முழுசாக வறுத்தால் தோல் கருகித்தான் தீரும். முழு மீன் வேண்டும் என்றால் 500 கிராமுக்குள் வாங்குங்கள், அல்லது மீன்காரரிடம் சொல்லி முதுகோடு பிளந்து தட்டையாக விரித்து வாங்குங்கள். ஏற்கெனவே சட்டியில் போட்டாகிவிட்டது என்றால், நிறம் வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஓரமாக விட்டு, அப்போது மட்டும் இரண்டு நிமிடம் மூடி, பிறகு திறந்து ஈரம் வற்றவிடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், ஆனால் சாப்பிடத் தகுந்ததாக இருக்கும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் தடித்த இடத்தில் 63 டிகிரி செல்சியஸ் வருகிறதா என்று பார்க்கலாம்.

எண்ணெயும் காரணமாகலாம். குவாங்டாங்கில் கடலை எண்ணெய்தான் பழைய வழக்கம், நம் வீட்டிலும் இருக்கும். ஆனால் செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், மிதமான தீயிலேயே கசப்பு ஏறிவிடும். இந்தச் சமையலுக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெய் நல்லது. செக்கு எண்ணெயை ஒரு ஸ்பூன் காய்ச்சிக் கடைசியில் வெங்காயத்தாள்மேல் ஊற்றிக்கொள்ளுங்கள், வாசனை தூக்கலாக இருக்கும்.

சீனச்சட்டி குழிவானது என்பதால் மீனின் நடு மட்டும் கருகி, தலையும் வாலும் வெளுத்துக் கிடக்கிறதா? சட்டியைச் சாய்த்துத் தலைப்பக்கம் ஒரு நிமிடம், வால்பக்கம் அரை நிமிடம் தீயைக் காட்டுங்கள். அங்கே வீட்டுச் சமையலில் இப்படிச் சட்டியைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வறுக்கிறார்கள்.

## சாஸ் ஊற்றியதும் மொறுமொறுப்பு போய்விடுகிறது

இங்கே முதலில் நீங்கள் எந்தப் பதார்த்தம் செய்கிறீர்கள் என்று முடிவுசெய்ய வேண்டும். ஏனென்றால் சிலவற்றில் மெதுமெதுப்புத்தான் இலக்கணம்.

குவாங்டாங் பக்கத்துக் கான்டனீஸ் சமையலில் வாவலை வறுத்து, பிறகு சாஸில் கொஞ்ச நேரம் அடக்கி எடுக்கும் முறை ஒன்று உண்டு. ஷான்டாங்கின் குவோதா முறையில் முட்டையில் தோய்த்து வறுத்த துண்டுகளுக்குச் சூப்பு ஊற்றி வற்றவிடுவார்கள். முட்டைப் போர்வை அந்தச் சாற்றைக் குடித்து உப்பி நிற்பதுதான் அதன் ருசி. அவற்றைச் செய்துவிட்டு மொறுமொறுப்பைத் தேடினால் கிடைக்காது. அது பிழையும் இல்லை.

மொறுமொறுப்பாகத்தான் வேண்டும் என்றால் சாஸை மீன்மேல் ஊற்றாதீர்கள். தட்டில் முதலில் சாஸை ஊற்றி அதன்மேல் மீனை வையுங்கள், அல்லது தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். வறுத்த மீனைத் தட்டையான தட்டில் வைத்தால் அடியில் ஆவி கோர்த்து நமத்துப்போகும். கம்பித்தட்டில் ஒரு நிமிடம் வைத்த பிறகு மாற்றுங்கள். கார்ன்ஃப்ளாருக்குப் பதில் உருளைக்கிழங்கு மாவு தூவினால் மொறுமொறுப்பு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும், ஆனால் விலை அதிகம். தினப்படிச் சமையலுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

## கவுச்சி வாடை போகவில்லை

மஞ்சளும் புளியும் போட்டுக் கழுவும் நம் பழக்கம் நல்லதுதான். ஆனால் மஞ்சள் தோலில் ஒட்டி வெள்ளை நிறத்தைக் கெடுக்கும், புளியின் புளிப்பு சோயாவோடு சண்டை போடும். இந்தச் சமையலுக்கு உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

வாடை பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும்: வயிற்றின் உட்பக்கக் கறுப்புச் சவ்வு, நடுமுள்ளை ஒட்டிய ரத்தக்கோடு, செவுள். சவ்வை விரலால் உரித்து, ரத்தக்கோட்டைக் கத்தி நுனியால் கீறிச் சுரண்டி, செவுளைப் பிடுங்கிவிடுங்கள். சாவாளைக்குச் செதில் கிடையாது. அதன் வெள்ளிப்பூச்சைத் துடைத்தால் போதும், முழுசாகச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

அங்கே ஷாவ்ஷிங் நகரத்து அரிசி மதுவை ஒரு ஸ்பூன் சட்டியின் ஓரத்தில் ஊற்றுவார்கள். சூட்டில் சட்டென்று ஆவியாகும்போது வாடையையும் இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் மது சேர்க்காதவர்கள் இஞ்சிச் சாறும் சில துளி வினிகரும் கலந்து அதேபோல ஓரத்தில் விடலாம். சுவை ஒன்றுபோல இருக்காது, வாடை மட்டும் குறையும்.

கசப்பாக இருந்தால் பித்தப்பை உடைந்திருக்கிறது. பச்சையாகக் கறைபட்ட சதையை வெட்டி எறிந்துவிடுங்கள், கழுவினால் போகாது. மீனைச் சுத்தம் செய்து பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மீன்காரரிடமே விடுவது புத்திசாலித்தனம்.

கழுவிய பிறகும் மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். இஞ்சியும் சாஸும் கெட்ட மீனை நல்ல மீனாக்காது. திருப்பிக் கொடுங்கள், முடியாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

## சாஸ் உப்புக் கரிக்கிறது, கறுப்பாகிவிடுகிறது

பாட்டிலைப் பாருங்கள். லைட் சோயா உப்புக்கும் சுவைக்கும், டார்க் சோயா நிறத்துக்கு. கையில் டார்க் மட்டும் இருந்தால் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி லைட் சோயா, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை கலந்து வைத்துக்கொண்டால் ஒரு மீனுக்குச் சரியாக இருக்கும். மீனில் தடவிய உப்பைத் துடைத்தீர்களா என்பதையும் பாருங்கள். சாஸைத் தனியாகக் கொதிக்கவிட்டால் தீ மிகச் சிறிதாக இருக்கட்டும். சோயா சட்டென்று கருகும். கருகிவிட்டால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி கலப்பதுதான் வழி.

## இனி நீங்களே பார்க்கக் கூடாத கட்டங்கள்

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்து, உலோக மூடியைச் சட்டிமேல் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. மூடிக்கு அடங்கவில்லை என்றால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். இந்தியாவில் எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது.

எண்ணெய் பட்டு வெந்தால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், மை எதுவும் தடவ வேண்டாம். முகம், கண், மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தொண்டையில் முள் சிக்கினால் நம் வீட்டில் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்கள், சீன வீடுகளில் வினிகர் குடிக்கச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடலாம். வினிகர் முள்ளைக் கரைக்காது, புண்பட்ட இடத்தை எரிக்கத்தான் செய்யும். விரலை விட்டுத் துழாவவும் கூடாது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மெல்ல இருமிப் பாருங்கள். குத்தல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள், மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். எச்சில் விழுங்க முடியவில்லை, ரத்தம் வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது என்றால் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முழு மீனைக் கொடுக்காமல், நடுமுள்ளோடு ஓரமுள்ளையும் எடுத்துவிட்டு, சதையை விரலால் நசுக்கிப் பார்த்துக் கொடுங்கள்.